அங்காளியின் எடை

செந்தாமரைக்குக் கரும்புக் காட்டுல பொறந்த பொண்ணை, பொறந்த அன்னிக்குச் சாயங்காலத்துலேர்ந்து யாராலயும் தரையை விட்டுத் தூக்க முடியாம போச்சுன்னு நான் சொன்னா, கேக்கறவங்க மொதல்ல என் மூஞ்சியப் பாக்கறாங்க, அப்புறம் என் வாயில இருக்கிற வெத்தலையப் பாக்கறாங்க. நல்லா பாத்துக்கட்டும். அந்தப் பொண்ணுக்குத் தொப்புள்கொடி அறுத்தவ நான், பேரு அஞ்சலாட்சி, செஞ்சிப் பக்கத்து ஊரு, கல்யாணமான வருஷத்துலேர்ந்து கரும்பு வெட்டப் போறவ. பொய் சொல்லித்தான் எனக்குப் பொழுது போகணும்னு இல்ல, எனக்கு ஏது பொழுது?

எங்க தொழில்ல ஆளுக்குக் கூலி இல்ல, ஜோடிக்குத்தான் கூலி, அதுவும் டன்னுக்கு இவ்வளவுன்னு. புருஷன் வெட்டணும், பொண்டாட்டி சோகைய, அதான் காஞ்ச கரும்புத் தோகைய, உரிச்சு, கட்டு கட்டி, தலையில ஏத்தி, சாய்ச்சு வெச்ச பலகை மேல ஏறி லாரிக்குள்ள போடணும். வயித்துல புள்ளன்னு ஒருத்தி ஊர்ல தங்கிட்டா ஜோடி ஒடஞ்சிடும், ஒடஞ்ச ஜோடிக்கு அட்வான்ஸ் கெடையாது, அட்வான்ஸ் இல்லன்னா போன வருஷத்து பாக்கிக்கு மேஸ்திரி வாசல்ல வந்து நின்னு தெருவுக்கே கேக்கற மாதிரி பேசுவான். அதனால செந்தாமரை நெறமாசத்துல எங்ககூட லாரி ஏறினா. அவளுக்கு அதுக்கு முன்ன ரெண்டு புள்ளைங்க பொறந்து தங்காம போச்சு. இது தங்கினா இடுப்புல தூக்கினு வந்து உன் கோயிலச் சுத்தறேன்னு மலையனூர் அங்காளம்மாவுக்கு வேண்டிக்கினு இருந்தா. அவ புருஷன் தேசிங்கு எங்க செட்டுலயே பெரிய ஆளு, மாடு மாதிரி ஒடம்பு, கோழி மாதிரி பயம், லாரி சக்கரம் குழியில எறங்கறப்பல்லாம் அவ வயித்தத் தன் ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கினு வந்தான்.

நாங்க போய் எறங்கின எடம் மேற்க, கொங்கு சீமையில, வாய்க்கால் ஓரம். எந்தப் பக்கம் திரும்பினாலும் கரும்புதான், தலைக்கு மேல கரும்பு, அதுக்கு மேல வானம், வழின்னு ஒண்ணு இருந்துச்சுன்னா அது லாரி போற வழி. சோகையால குடிசை போட்டுக்கினோம், குடிக்கிறதும் குளிக்கிறதும் கழுவறதும் ஒரே வாய்க்கால், விடியறதுக்கு முன்ன காட்டுல எறங்கினா சோகை மூஞ்சியையும் கையையும் கீறிக் கீறி, சாயங்காலம் மேல தண்ணி பட்டா எரியற எரிச்சல்ல பேச்சு வராது. ஊருக்கு ஒரு எட்டு போய்ட்டு வரேன்னு எவனாவது கேட்டா மேஸ்திரி வடமலை தடுக்க மாட்டான், "தாராளமா போ, உன் பொண்டாட்டி இங்க இருக்கட்டும்"னுவான். வடமலை வேத்தாளு இல்ல, எங்க ஊருக்காரன், எனக்குக் கொழுந்தன் மொறை, அண்ணி அண்ணின்னே கழுத்த அறுப்பான்.

லாரி ரொம்பினதும் அவன் கூடவே ஆலைக்குப் போவான், பொழுது சாயறப்ப திரும்பி வந்து வாய்க்கால் கரை மேல நின்னுக்கினு சொல்லுவான்: லோடு இவ்வளவு, சோகைக்கு இவ்வளவு, வேருக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவு, கழிவு போக இவ்வளவு. கடைசியா சொல்றதுக்குத்தான் கூலி. ஆலை எடைமேடை எப்படி இருக்கும்னு எங்க பொம்பளைங்கள்ல ஒருத்தியும் பாத்ததில்ல, ஆனா எவ்வளவு ஏத்தினோம்னு எங்க கழுத்துக்குத் தெரியும், கழுத்து சொல்ற கணக்கும் வடமலை சொல்ற கணக்கும் ஒரு நாளும் ஒத்துப் போனதில்ல. கேட்டா, "ஆலையில கழிக்கிறான் அண்ணி, நான் என்ன பண்ணட்டும்"னு கையை விரிப்பான். கழிச்ச எடை எங்க போகுதுன்னு நாங்க யோசிச்சதே இல்ல, காத்துல போச்சுன்னு இருந்தோம்.

எங்க பொம்பளைங்ககிட்ட ஒரு வழக்கம் உண்டு. கடைசிக் கட்டு ஏத்தி முடிச்சதும் தலையில இருக்கிற சும்மாட்டை அப்படியே கீழ வெக்கக் கூடாது. பழம்புடவைத் துணிதானே அது, பிரிச்சு நல்லா உதறி, "எறங்கிடு"ன்னு சொல்லிட்டுத்தான் மடிக்கணும். உதறாத சும்மாட்டுல அன்னிக்குச் சுமந்ததெல்லாம் சுருண்டு கெடக்கும், அது மேல தலை வெச்சுப் படுத்தா காலையில எழுந்திருக்க முடியாதுன்னு எங்க அம்மா காலத்துப் பேச்சு.

பொங்கல் கழிஞ்ச வாரம், பாதி லாரி ஏத்தினு இருக்கறப்ப தாமரைக்கு வலி எடுத்துச்சு. தலையில இருந்த கட்டை லாரிக்குள்ள போட்டுட்டுத்தான் பலகையை விட்டு எறங்கினா, அவ அப்படிப்பட்டவ. வெட்டின காட்டு நடுவுல புடவையால மறைப்பு கட்டி, சோகை மெத்தை போட்டு, புது பிளேடால நான்தான் கொடி அறுத்தேன். பொட்டப்புள்ள. நல்லா வீல்னு கத்திச்சு. அதுக்குள்ள லாரிக்காரன் ஆலை கேட்டு மூடிடுவான்னு ஹாரன் அடிச்சு அடிச்சுக் காதைக் கிழிக்கிறான், நாங்க தாமரை தலையிலேர்ந்து விழுந்த சும்மாட்டைச் சுருள் கலையாம தரையில வெச்சு, புள்ளையை அது மேல கெடத்திட்டு, மிச்சக் கட்டுங்கள ஏத்த ஓடினோம். உதறணும்னு ஒருத்திக்கும் தோணல. ஏத்திட்டு வந்து பாத்தா புள்ள கண்ண முழிச்சு வானத்தப் பாத்துனு கெடக்குது. வாடி என் தங்கம்னு கையைக் குடுத்துத் தூக்கினேன், வரல.

பிரசவம் பாத்த அலுப்புன்னு நெனச்சேன். இன்னொருத்தி தூக்கினா, வரல. தேசிங்கைக் கூப்புட்டோம், அவன் மூச்சப் பிடிச்சுத் தூக்கினதுல அவன் குதிகாலு மண்ணுக்குள்ள போச்சு, புள்ள அசையல. கையும் காலும் பஞ்சு மாதிரி ஆடுது, விரலக் குடுத்தா பிடிச்சுக்குது, ஆளை மட்டும் தரையிலேர்ந்து பிரிக்க முடியல. தாமரை தவழ்ந்து வந்து ரெண்டு கையையும் புள்ளைக்குக் கீழ விட்டு இழுத்துப் பாத்தா, எங்களையெல்லாம் ஒரு பார்வை பாத்தா. அப்புறம் புள்ள பக்கத்துலயே ஒருக்களிச்சுப் படுத்து மார்ல வாய வெச்சா. வேற என்ன செய்வா? பசிச்ச புள்ளைக்குக் கனமாவது ஒண்ணாவது.

சும்மாட்டு வேலைதான்னு பொம்பளைங்க பேசினோம். துணிய உருவி உதறிடலாம்னா, அது அவளுக்குக் கீழ மாட்டினு இருக்குது, ஒரு நூலு வரல. ஆம்பளைங்க ஆளுக்கொரு காரணம் சொன்னானுங்க, மறுநாள் லாரி வந்து நின்னுச்சு, காரணத்த அப்படியே விட்டுட்டு வெட்டப் போனோம். ஆலைக்காரன் காரணத்துக்கா கூலி குடுக்கறான்?

பத்து நாள்ல எல்லாம் பழகிப் போச்சு. புள்ளைய குடிசைக்குக் கொண்டு போக முடியாதுன்னு குடிசைய புள்ளைகிட்ட கொண்டு வந்தோம். தொட்டில் கட்ட முடியாததால தொட்டில் பாட்டை மட்டும் பாடினோம். அடியில மண்ண நோண்டி, கழுவுன தண்ணி ஓட சின்னதா கால்வா வெட்டினோம். மத்த செட்டுப் பொம்பளைங்க காடு தாண்டி வந்து பாத்துட்டு, ஆளுக்கொரு தடவ தூக்கிப் பாத்து, இடுப்பத் தடவினு, "நல்லா லட்சணமா இருக்குது"ன்னு சொல்லிட்டுப் போனாங்க. பாக்க வர்றவங்ககிட்ட தலைக்குப் பத்து ரூபா வாங்கலாமான்னு வடமலை யோசிச்சான், தேசிங்கு கத்தியத் தீட்டினே அவனைப் பாத்ததும் விட்டுட்டான். சொட்டு மருந்து குடுக்க வந்த நர்சம்மா தொங்கற தராசுல போடணும்னு கையைக் குடுத்து, முக்கி, அப்படியே ஒக்காந்துடுச்சு, அப்புறம் "பால் குடிக்கிறாளா, சிரிக்கிறாளா, அப்ப எடை சரியாத்தான் இருக்கும்"னு எழுதினு போயிடுச்சு. அங்காளின்னு பேரு வெச்சோம். பேரு வெக்கறப்ப புள்ள தாய் மடியில இருக்கணும், எங்க அங்காளி தரையில இருந்தா, தாய் மண்டி போட்டுக் குனிஞ்சு காதுல சொன்னா.

காட்டுக்குச் சொந்தக்கார பண்ணாடி வந்தாரு. "ஏனம்மிணி, வெட்டின கட்டை மறுபடி துளுக்கத் தண்ணி கட்டோணும், நீங்க பாட்டுக்கு நடுக்காட்டுல புள்ளையப் போட்டு வெச்சிருந்தா நான் என்ன பண்றது?"ன்னாரு.

"நாங்க போடலீங்க, அதுவா கெடக்குது"ன்னு நான் சொன்னேன்.

பொல்லாத மனுஷன் இல்ல. டிராக்டர் கொண்டு வந்து, சும்மாட்டுத் துணி முனையில கயித்தக் கட்டி இழுக்க வெச்சாரு, டிராக்டர் மூக்கு மேல தூக்கிச்சு, கயிறு அறுந்துச்சு, அங்காளி சத்தத்துக்குப் பயந்து அழுதா. அப்புறம் அவளச் சுத்தி வரப்பு போட்டு, அந்த எடத்த மட்டும் விட்டுட்டு மத்த எடத்துக்குத் தண்ணி விட்டாரு. விட்ட எடத்துக்கு நஷ்டம்னு வடமலைகிட்ட கழிச்சாரு, வடமலை தேசிங்குகிட்ட கழிச்சான்.

அந்தக் காடு முடிஞ்சு அடுத்த காடு, அதுவும் முடிஞ்சு அதுக்கடுத்த காடுன்னு வெட்டு தள்ளித் தள்ளிப் போச்சு, அங்காளி மட்டும் அங்கயே இருந்தா. மார்ல பால் கட்டி ரவிக்கை நனைய நனைய தாமரை காட்டுக்கும் புள்ளைக்குமா ஓடினா, நாங்க வெட்டின கட்டையெல்லாம் அவ பாதத்தைக் கிழிச்சுது, அவ ஓடற நேரத்துக்கு அரை ஜோடின்னு வடமலை கழிச்சான். மாசி மாசம் மலையனூர்ல மயானக் கொள்ளைத் திருவிழா நடந்த அன்னிக்கு அவ வேலைக்கே வரல. புள்ளைக்கு மாலை கட்டிப் போட்டு, தூக்க முடியாத புள்ளையச் சுத்திச் சுத்தி வந்தா. "யக்கா, ஒரே ஒரு தடவ இடுப்புல வெச்சுக்கணும்க்கா, அதுக்கப்புறம் என்ன ஆனாலும் ஆவட்டும்"னு என்னைக் கட்டினு அழுதா. நான் திட்டினேன், எனக்கு அழுகை வந்தா திட்டுதான் வரும்.

அதுக்கப்புறந்தான் தேசிங்கு அதக் கண்டுபிடிச்சான். புள்ள மண்ணுக்குள்ள எறங்குது. வளர வளர கனம் ஏறுதுன்னு நாங்க நெனச்சினு இருந்தோம், அவன் சொன்னான், "இல்லக்கா, லாரி போகாத அன்னிக்கு எறங்கல, லாரி போன அன்னிக்கு எறங்குது, பகல்ல இல்ல, மேஸ்திரி கரை மேல நின்னு கழிவு சொல்றாரு பாரு, அப்ப எறங்குது." நாங்க போய் ஒக்காந்து பாத்தோம். தூரத்துல வடமலை கொரலு, சோகைக்கு இவ்வளவு, வேருக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவுன்னு, ஒவ்வொரு இவ்வளவுக்கும் எங்க கண்ணு முன்னாலயே மண்ணு பொதுக்குனு உள்ள போச்சு. அங்காளி படுத்திருந்த குழி முழங்கை ஆழத்துக்கு இருந்துச்சு, ஓரத்துல பண்ணாடி விட்ட தண்ணி கசியுது. இன்னும் கொஞ்சம் எறங்கினா ஊத்து பிடிச்சுக்கும், புள்ள தண்ணிக்குள்ள கெடப்பா. தாமரை அன்னியிலேர்ந்து ஒரு சொம்ப வெச்சுக்கினு குழித் தண்ணிய மொண்டு மொண்டு ஊத்தினா, அவ வெட்டுக்குப் போறப்ப ஆளுக்குக் கொஞ்சம் நாங்க ஊத்தினோம்.

சித்திரையில வடமலைக்குக் காய்ச்சல். லாரிக்காரன் சிக்கந்தர் மட்டும் ஆலைக்குப் போய்ட்டு வந்தான், கரையில நின்னு, அந்தாளுக்கு ஒரு சூதும் தெரியாது, மேடையில செவப்பா ஓடின நம்பரை அப்படியே சொன்னான், ஆலைக்காரன் கழிச்சதையும் சொன்னான். எங்க பொம்பளைங்க எல்லாரும் ஒரே நேரத்துல கழுத்தத் தொட்டுப் பாத்துக்கினோம். வடமலை வழக்கமா சொல்ற கழிவுல பாதிதான் ஆலையோடது. செட்டே கேட்டுடுச்சு, இனி மாத்த முடியாது, வடமலை போர்வைக்குள்ளேர்ந்து "சரி, சரி, அதுக்கே போட்டுக்குங்க"ன்னு மொனகினான். அன்னிக்கி சாயங்காலம் அங்காளி குப்புற விழுந்தா. யாரும் தொடல, தானா ஒருக்களிச்சு, மொகம் செவந்து, முக்கி, தொபீர்னு திரும்பி, தலையத் தூக்கி எங்களப் பாத்துச் சிரிச்சா. புள்ள குப்புற விழுந்தா கொழுக்கட்டை செய்யணும், ரேஷன் அரிசிய இடிச்சு, கரும்புச் சாறையே காய்ச்சிப் பாகு பண்ணி கொழுக்கட்டை அவிச்சோம், வடமலைக்கும் ஒண்ணு கொண்டு போய்க் குடுத்தேன்.

"தின்னுடா"ன்னேன். "தின்னுட்டு வா, வந்து உன் கழிவு எங்க கெடக்குதுன்னு பாரு."

காய்ச்சலோட வந்து பாத்தான். குழிக்குள்ள எறங்கி, புள்ளைக்குக் கீழ கையை விட்டு அவனும் தூக்கிப் பாத்தான். அவன் கண்ணுல தண்ணி நின்னுச்சு, காய்ச்சலோ என்னவோ. "அண்ணி, எனக்கும் மேல ஏஜெண்டு இருக்கான், அவன் என்கிட்ட புடுங்கறான், நான் யார்கிட்ட புடுங்கறது?"ன்னான். "இனிமே மேடையில ஓடறத அப்படியே சொல்றேன், ஆத்தா மேல சத்தியம். ஆலைக்காரன் கழிக்கிறத என்னால தடுக்க முடியாது. பழச நான் தின்னுட்டேன், ஊர்ல மாடி கட்டிட்டேன், அத எங்கேர்ந்து எடுப்பேன்?"

சொன்ன மாதிரி சொன்னான். அங்காளி எறங்கறது கொறஞ்சுது, நிக்கல. சொம்பும் கையுமா வைகாசி வந்துடுச்சு, ஆலை மூடப் போவுதுன்னாங்க, எங்கள ஊருக்கு ஏத்தினு போற லாரி வந்து நின்னுச்சு. சட்டி பானைய ஏத்தினோம். கோழிய ஏத்தினோம். தாமரை குழியை விட்டு வரல. பண்ணாடி நாளைக்கு வாய்க்கால்ல முழுத் தண்ணி வருதுன்னு சொல்லிட்டுப் போயிருந்தாரு.

"நீங்க கெளம்புங்க. நானும் அவரும் தண்ணி மொண்டு ஊத்தினு இங்கியே இருக்கோம்"னா தாமரை.

"எத்தினி நாளைக்குடி ஊத்துவ?"

"கை இருக்கற வரைக்கும்."

லாரி மேல ஏறின ஒருத்தரும் ஒக்காரல. அப்பத்தான் தாமரை குழிக்குள்ள பாத்துனே, தனக்குத் தானே பேசிக்கற மாதிரி சொன்னா: "இதுல நம்ம தூக்காத எடை ஒரு கிலோ இருக்குதாக்கா? எல்லாம் நம்ம தலையில ஏறி எறங்கினதுதான. கட்டுக் கட்டா தூக்கிட்டோம். டிராக்டர் எப்பத் தூக்குச்சு, அது எப்படி இழுக்கும்?"

நான் லாரியிலேர்ந்து குதிச்சேன், இந்த வயசுல குதிச்ச குதிக்கு மூட்டு இன்னும் வலிக்குது. எல்லாப் பொம்பளைங்களும் சும்மாட்டை அவுத்தோம். துணியோட துணிய முடிஞ்சு, வண்டிச் சக்கரத்துல ஆரக்கால் வெச்ச மாதிரி, குழிக்குள்ள அவளுக்குப் பக்கத்துலேர்ந்து சுத்தி வெளிய வர்ற மாதிரி விரிச்சோம். தூக்கி வெக்கத்தான் முடியாது, அவளா வரணும். தாமரை துணிக்கு அந்தப் பக்கம் மண்டி போட்டு, "அங்காளி, வாடி, அம்மாகிட்ட வாடி என் கண்ணு"ன்னு கூப்புட்டா. அங்காளி பாத்தா, யோசிச்சா, ஒரு பொரளு பொரண்டா, இன்னொரு பொரளு, துணி நடுவுல வந்து விழுந்தா. அஞ்சு மாசமா அடியில கெடந்த தாமரையோட சும்மாடு, மக்கி மண்ணாகி, காத்துல போச்சு.

ஆளுக்கொரு முனையப் பிடிச்சோம், ஜோடி ஜோடியா, அவங்கவங்க சுமந்த கனம் அவங்கவங்க கைக்கு. "ஏய், தூக்கு"ன்னு நான் கத்தினேன். தோளு எலும்பு முறிஞ்ச மாதிரி சத்தம் வந்துச்சு, அந்தக் கனம் எங்களுக்குத் தெரிஞ்ச கனம், மார்கழியில தூக்கினது, தையில தூக்கினது, ஜொரத்தோட தூக்கினது, தூரமான நாள்ல தூக்கினது, எல்லாம் ஒரே நேரத்துல திரும்பி வந்து கைய இழுக்குது. அங்காளி குழியை விட்டு எழுந்தா. ஒரு முனை காலியா இருந்துச்சு. வடமலை வந்து அதப் பிடிச்சான், அவன் கைய அது அறுத்து ரத்தம் வந்துச்சு, விடல.

தூக்கியாச்சு, எங்க கொண்டு போறது? யாரும் கையை விட முடியாது, ஒருத்தர் விட்டா அந்தக் கனம் பக்கத்துல இருக்கறவளக் கொன்னுடும். இப்படியே செஞ்சிக்கு நடக்க முடியுமா? "எடை போடற எடத்துக்கே போலாம்"னான் தேசிங்கு, பயந்தாங்கொள்ளி, அவன்தான் சொன்னான். ஆலைக்கு நடந்தோம். எறும்புங்க அரிசிய இழுத்துனு போகுமே, அப்படி ரோட்டை அடைச்சுனு, பஸ்ஸு நின்னுச்சு, பள்ளிக்கூடப் புள்ளைங்க நின்னு பாத்துதுங்க, தண்ணி குடிக்கணும்னா பாக்கறவங்கதான் வாயில ஊத்தணும். துணி நடுவுல அங்காளி ஊஞ்சல்ல ஆடற மாதிரி ஆடினு வந்தா. பொறந்ததுலேர்ந்து தொட்டிலே பாக்காத புள்ள, அப்படி ஒரு சிரிப்பு.

ஆலை கேட்டுல லாரிங்க வரிசையா நின்னுனு இருந்துச்சு. நாங்க நடுவுல பூந்து எடைமேடையில, அந்த அகலமான இரும்புத் தகடு மேல அங்காளிய எறக்கி, கையை விட்டோம். தகடு முனகிச்சு. மேல பலகையில செவப்பு நம்பர் ஓடிச்சு ஓடிச்சு நின்னுச்சு, தேசிங்கு அத எல்லாருக்கும் கேக்கற மாதிரி படிச்சான், அவன் கொரலு அவ்வளவு பெரிசுன்னு எனக்கு அன்னிக்குத்தான் தெரியும். கழுத்து சொன்ன கணக்கும் மேடை சொன்ன கணக்கும் எங்க வாழ்க்கையில மொதல் தடவையா ஒத்துப் போச்சு.

கரும்பு ஆபீசர் ஓடி வந்தாரு. "கொழந்தைய எடுங்கம்மா, லாரியெல்லாம் நிக்குது பாருங்க."

"நீங்களே எடுத்துக்குங்க சார்"ன்னேன் நான்.

வாட்ச்மேனுங்க தூக்கிப் பாத்தானுங்க. கிரேன் கொண்டு வந்தானுங்க, கிரேனும் எங்க கரும்பத் தலையில சொமந்ததில்ல. பின்னால லாரி வரிசை மெயின் ரோட்டுக்குப் போச்சு, வைகாசி வெய்யில்ல வெட்டின கரும்பு காயக் காய எடை கொறையுது, தோட்டக்காரங்க துண்டை ஒதறினு கத்தறாங்க, மேடை ஒண்ணுதான், மேடை மேல எங்க அங்காளி படுத்துனு காலு கட்டை வெரலச் சப்பறா. ஆபீசர் யாருக்கோ போன் போட்டாரு, வெச்சாரு, மறுபடி போட்டாரு. பொழுது எறங்கறப்ப வந்து, "சரி, இந்த செட்டுக்கு மட்டும். மேடையில காட்டறதுக்குக் கழிவு இல்ல. முழுசா குடுத்துடறோம்"னாரு. வடமலை தன் பங்குக்கு எல்லார் முன்னாலயும் கற்பூரம் ஏத்தி, யாரு பேர்லயும் பாக்கி இல்லன்னு அத அடிச்சு சத்தியம் பண்ணினான். மேடைக்காரப் பையன் சன்னல் வழியா "கழிவு இல்ல"ன்னு சத்தமா சொன்னான், நம்பர் கீழ ஓடிச்சு, ஓடி ஓடி சைபருக்கு வந்துடுச்சு. லாரிங்கள எடை போடற மேடைக்கு ஒரு புள்ளையோட எடை எங்க தெரியும்?

தாமரை போனா. குனிஞ்சா. தூக்கி இடுப்புல வெச்சுக்கினா. "யக்கா, பாருக்கா"ன்னா. தேசிங்கு எடைமேடை மேலயே ஒக்காந்து ஓன்னு அழுதான். நானும் திட்டாம அழுதேன்.

அப்புறம் நாங்க மேடையை விட்டு எறங்கினோம், எங்க ஊர் லாரி கேட்டாண்ட வந்து நின்னுச்சு, ஒவ்வொருத்தரா ஏற ஆரம்பிச்சோம். அடுத்த லாரி மேடை மேல ஏறிச்சு. கல்வராயன் மலைப் பக்கத்து செட்டோட லோடு அது. சன்னலுக்குள்ளேர்ந்து அந்தப் பையன் தலையத் தூக்காம, வழக்கம் போல, சோகைக்கு இவ்வளவு, வேருக்கு இவ்வளவு, மண்ணுக்கு இவ்வளவுன்னு சொல்லினு போனான். எதிர்ல புளியமரத்தடியில, கடைசி லோடோட ஊருக்குப் போக வந்த அந்த செட்டுப் பொம்பளைங்க ஒக்காந்துனு இருந்தாங்க. அங்கேர்ந்து ஒரு கொரலு கேட்டுச்சு, சின்னப் பொண்ணு கொரலு: "ஐயோ, அண்ணே, என் புள்ளைய யாராச்சும் வந்து பாருங்களேன், தூக்க வரலியே."

எங்க லாரியில எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பினோம்.

"ஏறுடி"ன்னேன் தாமரைகிட்ட. "நம்மளது முடிஞ்சுது. மலையனூர் ஆத்தா காத்துனு இருக்கா, ஏறு."

அவ ஏறல. அங்காளிய என் கையில குடுத்தா.

"அது அவங்க சொமந்த சொமை, நம்ம தூக்க முடியாதுடி"ன்னேன்.

"தூக்க முடியாதுக்கா. எப்படித் தூக்கறதுன்னு சொல்லலாம்ல."

"பின்னாடி நிக்கற வரிசையப் பாத்தியா? மெயின் ரோடு வரைக்கும் நிக்குது. ஒவ்வொரு செட்டுக்கும் சொல்லினு நின்னா நம்ம எப்பதான்டி ஊர் போய்ச் சேர்றது?"

அவ லாரி மேலேர்ந்து ஒரு துணிய உருவி, நல்லா உதறி, சுருட்டித் தலையில வெச்சுக்கினு புளியமரத்தப் பாத்து நடந்தா. தேசிங்கு பின்னாலயே எறங்கிப் போனான். வடமலை அறுபட்ட கையில கட்டியிருந்த துணிய இறுக்கினு கீழ பாத்தான். அங்காளி என் தோள்ல தலைய சாச்சுத் தூங்கிப் போயிருந்தா, அஞ்சு மாசப் புள்ள, நல்ல கொழுக்கு மொழுக்குன்னு, கை கடுத்துது எனக்கு. லாரிக்காரன் ஹாரன் அடிச்சான். அடிச்சுக்கோடான்னு சொல்லிட்டு, புள்ளைய இடுப்புக்கு மாத்திக்கினு நானும் எறங்கினேன்.